ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்கும் ஒரு கதவு

பெரம்பூர் ஐ.சி.எஃப்.-இல் மின்ரயில் பெட்டிகளை வரைந்து கட்டும் பொறியாளர்களுக்கும், எந்த ஊருக்கு எந்த வண்டி என்று தீர்மானிக்கிற ரயில்வே வாரியத்தின் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கூடுவாஞ்சேரியில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்குகிற சீசன் டிக்கெட்காரன். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் என் பாதை. பொறியியல் படித்தவன் இல்லை, கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் மின்ரயில் பெட்டியின் வாசலை என் அளவுக்கு அறிந்தவர்கள் உங்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். காலை எட்டு மணிக்குச் செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி எங்கள் ஊருக்கு வரும்போதே நிறைந்துதான் வரும். உள்ளே போக முடிந்த நாள் நல்ல நாள். முடியாத நாளில் வாசலின் நடுவில் நிற்கும் கம்பியை ஒரு கையால் பிடித்து, பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓர் அங்குலம் உள்ளே நகர வேண்டும். தாம்பரம் வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று பேர்தான். அங்கே இறங்குகிறவர்களைவிட ஏறுகிறவர்கள் அதிகம்.

இந்த மடல் அந்த வாசலைப் பற்றியது.

2025 ஏப்ரல் 19 அன்று சென்னைக் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஏசி மின்ரயில் ஓடத் தொடங்கியது. 12 பெட்டிகள், நீங்கள் பெரம்பூரில் கட்டியவை. வேடிக்கைக்காகவே ஏறிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். நான் ஏறியது கத்திரி வெயிலில், சாயங்காலம், கால் வலி தாங்காமல். எழும்பூரில் கதவு மூடியது. வெளிச் சத்தம் சட்டென்று அடங்கியது. குளிர்ச்சியைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. என் பக்கத்தில் நின்ற நாலைந்து கல்லூரிப் பையன்கள், சாதாரண வண்டியில் வாசலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு போகிற அதே வயசுக்காரர்கள், சமர்த்தாக உள்ளே நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களுக்குப் புத்தி சொல்லவில்லை. போலீஸ் நிற்கவில்லை. கதவு மூடியிருந்தது, அவ்வளவுதான். மெட்ரோவிலும் இதே கதைதான். கிண்டியில் மின்ரயிலில் தொங்கிக்கொண்டு வந்து இறங்குகிறவன், படியேறிப் போய் மெட்ரோ பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறான். ஐந்து நிமிடத்துக்குள் ஒருத்தன் குணம் மாறிவிடுமா என்ன?

இத்தனை வருடமாக எங்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் குணத்தைப் பற்றித்தான். 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்று பேருந்தில் எழுதியதைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1989-ஆம் வருடத்து ரயில்வே சட்டத்தின் 156-ஆம் பிரிவின்படி படியில் நின்று போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவ்வப்போது பிளாட்பாரத்தில் பிடிக்கவும் செய்கிறார்கள். மறுநாள் அதே வாசலில் வேறு நான்கு பேர். சட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் திறந்தே கிடக்கிற ஒரு வாசலைச் செய்து கொடுத்துவிட்டு அதில் நிற்காதே என்று சொல்வதில் ஒரு விநோதம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

சரி, கட்டணத்துக்கு வருகிறேன். ஏசி வண்டியில் குறைந்தபட்சம் 35 ரூபாய். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை 105 ரூபாய். சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். குளிர்ந்த காற்றுக்குத் தனி விலை வைப்பதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. கரண்டு செலவாகிறது, எந்திரம் தேய்கிறது, வசதிக்குக் காசு கேட்கலாம். ஆனால் அந்த 35 ரூபாய்க்குள் இன்னொன்றும் சேர்த்து விற்கப்படுகிறதே, அதுதான் உறுத்துகிறது. மூடிய கதவு. ஏசி டிக்கெட் வாங்கியவன் கீழே விழ முடியாது, 5 ரூபாய்க்காரன் விழலாம். இதை யாரும் வேண்டுமென்று தீர்மானித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஏசி போட்டால் குளிர் வெளியே போகாமல் கதவை மூடியாக வேண்டும், அதனால் கதவு வந்தது. காற்றைக் காப்பாற்ற வந்த கதவு ஆளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது.

2018 ஜூலை 24 உங்களுக்கு நினைவிருக்கும். அன்று காலை மின்கம்பி அறுந்ததால் கடற்கரையிலிருந்து திருமால்பூர் போகும் வண்டியை எக்ஸ்பிரஸ் பாதையில் அனுப்பினார்கள். பரங்கிமலை ஸ்டேஷனில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர். வழக்கமாக அந்தப் பக்கம் தொங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு சுவர் இருப்பதே தெரிந்திருக்காது. அன்று அந்தச் சுவரில் மோதி உயிர்கள் போயின. ரொம்ப நாளைக்குப் பரங்கிமலை வரும்போதெல்லாம் பெட்டியில் பேச்சு ஒரு நிமிடம் நிற்கும். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. இப்போது ஏறுகிற பையன்களுக்கு அது தெரியாது.

ஏழு வருடம் கழித்து, 2025 ஜூன் 9 அன்று, மும்பைப் புறநகரில் மும்ப்ரா அருகே ஒரு வளைவில் எதிரெதிரே வந்த இரண்டு லோக்கல்கள் ஒன்றையொன்று கடந்தன. இரண்டிலும் வாசலில் ஆட்கள். தொங்கியவர்கள் தண்டவாளத்தில் விழுந்தார்கள், அங்கேயும் உயிர்கள் போயின. அன்றைக்கே ரயில்வே அமைச்சகம் ஒரு அறிவிப்புச் செய்தது. மும்பைக்கு இனி வரும் வண்டிகளில் தானாக மூடும் கதவு இருக்கும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளிலும் பொருத்தப்படும் என்றார்கள். அப்புறம் அமைச்சரும் உங்கள் பெரம்பூர் ஆலைக்காரர்களும் கலந்து பேசி, ஏசி இல்லாத பெட்டிக்கே கதவு போட மூன்று வழிகளைச் சொன்னார்கள். கதவில் காற்று புகும் சாய்வுப் பட்டைகள், கூரையிலிருந்து வெளிக்காற்றை உள்ளே தள்ளும் எந்திரம், ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நடந்து போகும் இணைப்பு வழி. முதல் வண்டி 2025 நவம்பரில் தயாராகி 2026 ஜனவரியில் ஓடும் என்றும் சொன்னார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷம். 'மூச்சு முட்டும், முடியாது' என்று இதுவரை ஒதுக்கி வைத்த விஷயத்தை முடியும் என்று எடுத்துக்கொண்டீர்களே, அதற்காக. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. அந்த வண்டி கட்டப்படுவதாகச் சொன்ன இடம் பெரம்பூர். பரங்கிமலை அங்கிருந்து எத்தனை தூரம்? மும்பைக்கு முதலில் போகட்டும், அங்கே கூட்டமும் சாவும் எங்களைவிடப் பல மடங்கு. ஆனால் அடுத்த வண்டி யாருக்கு என்று எந்த அறிவிப்பிலும் நான் பார்க்கவில்லை. நான் கேட்பது இதுதான்: ஏசி இல்லாத, கதவு மூடுகிற மின்ரயில் சென்னைக்கும் வேண்டும். 5 ரூபாய் டிக்கெட்டுக்கு, எங்கள் சீசன் டிக்கெட்டுக்கு, ஒரு பைசா கூட்டாமல்.

கேட்டுவிட்டுப் போய்விடுவது சுலபம். வாசலில் நின்றவன் என்கிற உரிமையில் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தொங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே ஜாதி இல்லை. மூன்று வகை உண்டு. காற்றுக்காகவும் கெத்துக்காகவும் தொங்குகிறவன் ஒருத்தன். இவனைக் கதவு ஒரே நாளில் திருத்திவிடும். இரண்டாவது ஆள், அடுத்த ஸ்டேஷனில் இறங்க வேண்டியவன். உள்ளே போனால் மாம்பலத்தில் இறங்க முடியாது, கோடம்பாக்கத்தில்தான் துப்புவார்கள் என்று பயந்து கிண்டியிலிருந்தே வாசலில் ஒட்டிக்கொள்கிறவன். பெட்டிக்குள் நடந்து நகர இணைப்பு வழி இருந்தால், அடுத்து எந்தப் பக்கம் கதவு திறக்கும் என்று தமிழில் முன்கூட்டியே சொன்னால், இவனும் பாதி திருந்துவான். மூன்றாவது ஆள்தான் கஷ்டம். அவன் உள்ளே இடமில்லாததால் வெளியே இருக்கிறான். அவனுக்குக் கதவைப் போட்டால் பிளாட்பாரத்தில் நிற்பான், ஆபீசில் லேட் மார்க் வாங்குவான், நாலு நாளில் உங்கள் கதவைத் திட்ட ஆரம்பிப்பான். கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே செருப்பை வைத்து மூடவிடாமல் செய்வான். வண்டி தாமதமாகும். பிறகு 'சென்னைக்காரர்களுக்குக் கதவு ஒத்துவரவில்லை' என்று ஒரு கோப்பில் எழுதப்படும்.

ஆகவே கதவு வருகிற அன்று கூட்ட நேரத்து வண்டிகளும் கூட வேண்டும். வண்டி ஓட்டுவது உங்கள் பொறுப்பு இல்லை, அது வேறு பிரிவு என்று பெட்டி கட்டுகிறவர்கள் சொல்லலாம். வாரியத்தாரையும் சேர்த்து விளித்தது அதனால்தான். தண்டவாளத்தில் ஒரு வண்டிக்கான நேரம் என்பது ஒரு வண்டிக்கான நேரம். அதில் ஏசி வண்டி காலியாகப் போனால், பின்னால் வருகிற சாதாரண வண்டி அந்தக் கூட்டத்தையும் சேர்த்துச் சுமக்கும். மும்பையில் ஏசி லோக்கல் 2017 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி, பல வருடம் ஈயாடியது. 2022 மே மாதம் 5 கிலோமீட்டர் வரைக்கான கட்டணத்தை 65-லிருந்து 30 ரூபாயாகக் குறைத்த பிறகுதான் கூட்டம் ஏறியது. அந்தப் பாடத்தைச் சென்னையில் ஏன் முதலிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை. உங்கள் ஏசி வண்டியின் கணக்கையே பாருங்கள்: உட்கார 1,116 பேர், நிற்க 3,798 பேர். நாலில் மூன்று பேர் நின்றுதான் வரவேண்டும். நிற்பதற்கு 35 ரூபாய் என்றால் தாம்பரத்துக் கூலிக்காரன் யோசிக்கத்தானே செய்வான்.

அடுத்தது காற்று. இதில்தான் உங்கள் வேலை எல்லாம் இருக்கிறது. மும்பையும் கசகசப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மே மாதம், கடல் காற்று உள்ளே வருவதற்கு முன், முற்பகல் பதினோரு மணிக்குப் பரனூரில் வெயிலில் நின்று காய்ந்த ஒரு தகரப் பெட்டியை நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். ஓடும்போது சாய்வுப் பட்டைகள் வழியே காற்று வரும். நிற்கும்போது? சிக்னலுக்காக எழும்பூருக்கு வெளியே ஏழு நிமிடம் நிற்கும்போது? கூரை எந்திரம் அந்த ஏழு நிமிடத்துக்காகத்தான் இருக்க வேண்டும், ஓடும் நேரத்துக்காக இல்லை. மும்பையில் 2007-க்குப் பிறகு வந்த வண்டிகளில் கூரையிலிருந்து காற்றுத் தள்ளும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதனால் இது உங்களுக்குப் புது வித்தை இல்லை. ஆட்கள் தோளோடு தோள் நிற்கும்போது அது எவ்வளவு தள்ள வேண்டும் என்பதுதான் கேள்வி.

மழையும் இருக்கிறது. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். இப்போதைய பெட்டியில் வாசலை ஒட்டிய இருக்கைகள் அந்த மாதங்களில் யாருக்கும் உதவாது. மழை நாளில் நிரம்பிய வண்டியில் அந்த ஈர இருக்கைகள் மட்டும் காலியாக இருப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். பட்டையின் சாய்வைத் தப்பாக வைத்தீர்கள் என்றால் கதவு போட்டும் நனைவோம்.

எனக்குப் பெரிய பயம் கரண்டு போகிற நேரம். எங்கள் பாதையில் சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே அடையாற்றுப் பாலம். அதன்மேல் வண்டி நின்று மேலே கம்பியில் மின்சாரம் இல்லை என்று வையுங்கள். திறந்த வண்டியில் வியர்த்துக்கொண்டு காத்திருப்போம், அவ்வளவுதான். மூடிய வண்டியில், காற்றுத் தள்ளும் எந்திரமும் நின்றுவிட்டால், பத்தாவது நிமிடம் யாரோ ஒருவர் கதவைத் திறக்கும் பிடியை இழுப்பார். கீழே ஆறு. எனவே பேட்டரியில் அந்த எந்திரம் எவ்வளவு நேரம் ஓடும், கார்டு பேசினால் பன்னிரண்டு பெட்டியிலும் கேட்குமா, எந்தப் பக்கக் கதவைத் திறக்கலாம் என்று முடிவு செய்வது யார் என்பதெல்லாம் முதலிலேயே தீர்மானமாக வேண்டும். கேட்கிற மொழி தமிழாக இருக்கட்டும். பதற்றத்தில் இரண்டாவது மொழி காதில் ஏறாது.

கதவு மூடாவிட்டால் வண்டி நகரவே கூடாது என்பதில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். கதவு வைத்த பேருந்துகளில் அதைக் கயிறு போட்டுக் கட்டித் திறந்தே ஓட்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். கட்ட முடிகிற கதவைக் கொடுத்தால் கட்டுவோம்.

இணைப்பு வழியைப் பற்றி ஒரு வார்த்தை. மல்லிகைப்பூ விற்கும் அம்மா ஒருவர் இப்போது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, கூடையோடு அடுத்த பெட்டிக்கு ஓடி ஏறுகிறார். (வண்டியில் விற்பது விதிப்படி சரியா என்று கேட்காதீர்கள், அவரிடம் பூ வாங்காத வீடு கூடுவாஞ்சேரியில் குறைவு.) அவருக்கு அந்த ஓட்டம் மிச்சமாகும். கூட்டமும் பரவும். ஆனால் லேடீஸ் கம்பார்ட்மென்டை என்ன செய்யப் போகிறீர்கள்? என் மகள் சாயங்கால ஷிஃப்ட் முடிந்து இரவு பத்து மணி வண்டியில் வருகிறாள். வழி திறந்திருந்தால் ஆபத்து நேரத்தில் அடுத்த பெட்டிக்குப் போகலாம் என்பது ஒரு நியாயம். வழி திறந்திருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்பது இன்னொரு நியாயம். எனக்கு விடை தெரியவில்லை. அவளைக் கேட்டேன். 'வழி இருக்கட்டும், ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து மட்டும் திறக்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள்' என்றாள். பெண்களிடம் நேரில் கேளுங்கள் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல வேறு இல்லை. கேட்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் கார்டுடன் பேச முடிகிற வசதியையும் கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வாசலில் நின்று போன் பேசுகிறவர்கள் கையில் தண்டவாளத்தோரம் நிற்பவன் கம்பால் அடித்துப் போனைத் தட்டிப் பறிப்பதும் கதவோடு ஒழியும். கழிப்பறை பற்றிச் சொல்லப் போவதில்லை. கடற்கரையிலிருந்து திருமால்பூர் நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவரை கழிப்பறை இல்லாத மின்ரயில். நீண்ட தூரம் ஓடும் மெமு வண்டிகளில் இருப்பது இதில் ஏன் இல்லை என்று தனியாக இன்னொரு மடல் எழுதுவேன்.

எங்கள் பாதையில் மின்ரயில் ஓட ஆரம்பித்தது 1931 மே 11, கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, மீட்டர்கேஜில், 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில். பிறகு 25,000 வோல்ட் மாறுமின்சாரம் வந்தது. 2004 ஜூலையில் கடைசி மீட்டர்கேஜ் மின்ரயிலும் போய் எல்லாம் அகலப்பாதை ஆயிற்று. ஒன்பது பெட்டி பன்னிரண்டு ஆயிற்று. பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திருப்பி மேலே கம்பிக்கே அனுப்புகிற வண்டி இப்போது ஓடுகிறது. அடுத்தாற்போல 2024 செப்டம்பரில் அகமதாபாத்துக்கும் புஜ்ஜுக்கும் இடையே விட்ட நமோ பாரத் வண்டியில் ஏசி, தானியங்கிக் கதவு எல்லாம். என் அப்பா மீட்டர்கேஜில் பல்லாவரத்திலிருந்து தொங்கிக்கொண்டு போனார். நான் அகலப்பாதையில் தொங்கினேன். தண்டவாளத்தின் அகலம்கூட மாறியது, எங்கள் வாசல் அப்படியே திறந்து கிடக்கிறது.

சோதனை ஓட்டம் எப்படியும் நடத்துவீர்கள். காலிப் பெட்டியில் மணல் மூட்டை வைத்து எடையைச் சரிபார்ப்பது உங்கள் வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மணல் மூட்டைக்கு வியர்க்காது. முதல் சென்னை வண்டியைக் கத்திரி முடிவதற்குள் ஒரு திங்கட்கிழமை காலை, செங்கல்பட்டிலிருந்து, எங்களை ஏற்றிக்கொண்டு விடுங்கள். கதவை வரைந்தவர் கதவருகிலேயே நிற்கட்டும். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும் வரை ஒன்றும் தெரியாது, பொத்தேரி வரட்டும். கூடுவாஞ்சேரியில் நான் ஏறுவேன். ஒரு கைக்குட்டை கூடுதலாகக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
சீசன் டிக்கெட் பயணி ஒருவன்,
கூடுவாஞ்சேரி